வானுக்குள் பெய்த மழை

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் கழித்தவன் நான். தேர்தல், போர், இடப்பெயர்வு, பேச்சுவார்த்தை என்று எழுதிப் பழகிய இந்தக் கை, ஒரு வாகனத்தின் உட்சுவரில் எதை ஒட்டுவது என்பது பற்றி எழுத நேருமென ஒருபோதும் நினைத்ததில்லை. ஆயினும் இங்கிலாந்திலும் கனடாவிலும் வாழும் எங்கள் பிள்ளைகள் சிலர் இக்கேள்வியை என்னிடம் கேட்கத் தொடங்கியுள்ளனர். நான் இதில் நிபுணன் என்பதனாலன்று. எனது பெறாமகன், அதாவது தம்பியின் மகன், இவ்விடயத்தில் பட்ட பாட்டை அருகிருந்து பார்த்தவன் என்பதனால். பார்த்ததை எழுதுவதுதானே எங்கள் தொழில்.

பெறாமகன் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் வசிக்கிறான். மின்னிணைப்பு வேலை செய்பவன். வேலைத்தலங்கள் ஊருக்கு ஊர் மாறுவதால் கிழமையில் நான்கு இரவுகளை விடுதிகளில் கழித்து, உழைத்ததில் கணிசமான பங்கை அவற்றுக்கே கொடுத்து வந்தான். 2023 ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு முடிவுக்கு வந்தான். பொதிகள் ஏற்றி ஓடிய பழைய வான் ஒன்றை வாங்கி, அதற்குள் கட்டிலும் அடுப்பும் அமைத்து, அதையே தங்குமிடமாக்கிக்கொள்வது என்பதே அம்முடிவு. போர்ட் ட்ரான்சிற், மெர்சிடிஸ் ஸ்பிரின்ரர், பியற் டுக்காற்றோ போன்ற சரக்கு வான்களை இவ்வாறு நடமாடும் வீடுகளாக மாற்றிக்கொள்வோர் மேல்நாடுகளில் ஏராளம். உல்லாசப் பயணத்துக்காகச் செய்வோரும் உளர். வாடகை கொடுத்துக் கட்டாத காரணத்தால் செய்வோரும் உளர்.

அவன் வாங்கியது வெள்ளை நிற வான். “பெரியப்பா, வெள்ளை வான் ஒண்டு எடுத்திருக்கிறன்” என்று தொலைபேசியில் சொன்னபோது எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. இலங்கையில் பத்திரிகையாளனாக இருந்த ஒருவனுக்கு அந்த இரு சொற்களும் எதைக் குறித்தன என்பதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கைக்குழந்தையாக நாட்டைவிட்டுச் சென்ற அவனுக்கோ அது பொதி சுமந்து ஓய்ந்த ஒரு வாகனம் மட்டுமே. அவனுக்கு அது அவ்வாறே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வானின் உட்புறம் வெறும் தகடு. குளிர்நாட்டில் வெறும் தகட்டுக்குள் உறங்க இயலாது. எனவே தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்கும் பொருளொன்றை வைக்கவேண்டும். இன்சுலேசன் என்று அங்கு எல்லோரும் சொல்வது இதைத்தான். எங்கள் பாடசாலை விஞ்ஞான நூல்களில் வெப்பக் காவலி என்று படித்தோம். அவன் பாறைநாரைத் தெரிவு செய்தான். மலிவானது, எங்கும் கிடைப்பது, வீட்டுக் கூரைகளுக்குள் போடுவது. அந்த நாரைத் தகட்டின் பள்ளங்களுக்குள் திணித்து, அதன்மேல் வெள்ளிநிறக் குமிழித்தாளை விரித்து, அதற்கும் மேல் பிளைவூட் பலகை அடித்து, அழகாக வர்ணமும் பூசினான். படம் எடுத்து அனுப்பினான். எங்கள் ஊர் ஓடாவியார் பார்த்தாலும் மெச்சியிருப்பார்.

கார்த்திகையில் அதற்குள் குடிபுகுந்தான். தை மாதத்தில் ஒரு பழைய வாசம் வரத் தொடங்கியது. மாசியில் இருமல் வந்தது. சிறு வயதில் அவனுக்குத் தொய்வு இருந்தது. பதினைந்து ஆண்டுகளாகத் தொடாமலிருந்த மூச்சுமருந்தை மீண்டும் கையிலெடுத்தான். 2024 ஆம் ஆண்டு பங்குனியில் நான் அங்கு சென்றிருந்தபோதுதான் பலகைகளைக் கழற்றினான். உள்ளே இருந்த நார் நனைந்து கனத்துத் தொங்கியது. பலகையின் பின்புறம் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம். வாகனத்தின் விலா எலும்புகள் போன்ற உருக்குச் சட்டங்களின் அடியில் கறல் பிடித்திருந்தது. தாளைத் தூக்கியபோது தண்ணீர் அவன் மணிக்கட்டு வழியாக ஓடியது.

“பெரியப்பா, மழைத்தண்ணி ஒரு சொட்டும் உள்ளுக்கு வரேல்லை. ஆனால் சுவர் முழுக்க நனைஞ்சு கிடக்குது. இவ்வளவு தண்ணியும் எங்கையிருந்து வந்தது?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கான பதிலை நான் வேறோர் இடத்தில் முன்னரே கண்டிருந்தேன். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பமும் தென்மராட்சிக்குப் போயிற்று. அங்கே ஒரு தகரக் கொட்டிலில் பதினொரு பேர் படுத்திருந்தோம். மாரி மழை ஓய்ந்த தை மாதம். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. ஆயினும் விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் முகத்தில் விழும். தகரத்தில் ஓட்டை இருக்கிறதென்று பகலில் ஏறித் தேடினோம். ஓட்டை இல்லை. இரவில் திறந்த வானத்தை நோக்கியிருந்த தகரம் குளிர்ந்தது. எங்கள் மூச்சும் மாரிக்கால ஈரக்காற்றும் அந்தக் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராயின. பக்கத்து வளவில் கிடுகால் வேய்ந்த கொட்டிலில் இந்தத் தொல்லை இல்லை. கிடுகு காற்றை விட்டது. தகரத்தைப்போல விரைவாகக் குளிரவுமில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் அதன் வெளிப்புறம் வியர்க்கிறது. போத்தலுக்குள்ளிருந்து சோடா கசிவதாக எவரும் எண்ணுவதில்லை. சூடான வளி நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த வளி தாங்காது. 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் வளி ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் அது ஏறத்தாழ 9 கிராம். உறைநிலையான 0 பாகையில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. மிஞ்சியது தண்ணீராக வேண்டும். எந்த வெப்பநிலையில் அது தண்ணீராகத் தொடங்குகிறதோ அதற்குப் பனிபடுநிலை என்று பெயர். வானுக்குள் 20 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதனும் இருந்தால் பனிபடுநிலை 12 பாகை. யோர்க்ஷயரின் குளிர்கால இரவில் வெளித்தகடு 3 பாகையிலோ 2 பாகையிலோ இருக்கும். ஆகவே உள்ளேயிருக்கும் வளி அந்தத் தகட்டைத் தொட்ட இடமெல்லாம் மழைதான்.

அந்த நீராவி எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான். உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளிவிடுகிறார். எட்டு மணி நேரம் உறங்கினால் 300 கிராமுக்கு மேல். இருவர் படுத்தால் ஓர் இரவில் அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் அந்தச் சிறிய பெட்டிக்குள் சேர்கிறது. அடுத்தது அடுப்பு. சமையல் வாயு எரியும்போது தண்ணீர் உண்டாகிறது என்பதைப் பலர் அறியார். ஒரு கிலோ புறொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் நீராவியாக வெளிவரும். எரிவாயுவிலுள்ள ஐதரசன் வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்வதால் நிகழ்வது இது. புகைபோக்கி இல்லாத சிறு வாயுச் சூடாக்கியை வானுக்குள் எரிப்பவர் உண்மையில் தமது சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இவற்றுடன் சோற்றுப் பானையின் ஆவி, நனைந்த சப்பாத்து, காயப்போட்ட துவாய் ஆகியவற்றையும் கூட்டிக்கொள்க.

இப்போது எனது கருத்துக்கு வருகிறேன். வான் மாற்றம் செய்பவர் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, “எந்தக் காவலி சிறந்தது?” என்பதே. விற்பவர்களும் அதற்கே பதில் சொல்கிறார்கள். எது அதிக வெப்பம் தடுக்கும், எது மெல்லியது, எது மலிவு என்று. இது தவறான கேள்வி. “இந்தப் பெட்டிக்குள் நான் உண்டாக்கும் தண்ணீர் எங்கே போகும்?” என்பதே முதற்கேள்வியாக இருக்கவேண்டும். வெப்பக் கணக்கை மட்டும் பார்த்துக் காவலி தெரிவு செய்தவர் தமது வாகனத்துக்குள் ஒரு நனைந்த பஞ்சுமூட்டையை ஆணியடித்துப் பூட்டிவைத்தவராவார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பலர் கவனிக்காதது இது. காவலி நன்றாக வேலை செய்யச் செய்ய, அதன் பின்னாலிருக்கும் தகடு மேலும் குளிர்கிறது. முன்னர் உள்வெப்பம் தகட்டைச் சற்றேனும் சூடாக்கியது. காவலி வைத்தபின் அந்தச் சூடு தகட்டுக்குப் போவதில்லை. தகடு வெளிக்குளிருக்குச் சமமாகிவிடுகிறது. ஆகவே காவலியைக் கடந்தோ அதன் விளிம்பால் நுழைந்தோ போகும் நீராவி தவறாமல் அங்கே தண்ணீராகும். முன்னர் அத்தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது; துணியால் துடைக்க முடிந்தது. இப்போது பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வேறுபாடு இவ்வளவே.

இந்த நோக்கில் சந்தையிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாறைநாரும் கண்ணாடிநாரும் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் மீன்வலை தண்ணீரை விடுவதுபோல நீராவியை விட்டுவிடும். வீட்டுச் சுவரில் இவற்றைப் போடும்போது வெளிப்புறம் காற்றோட்டமுள்ள இடைவெளி இருக்கும். புகுந்த ஈரம் அவ்வழியே வெளியேறும். வானின் வெளிப்புறம் வர்ணம் பூசிய உருக்கு. அதனூடாக ஒரு துளியும் வெளியேறாது. வீட்டுக்கு நல்லது வாகனத்துக்கும் நல்லது என்று எண்ணியதே என் பெறாமகனின் முதற்பிழை.

வெள்ளிநிறக் குமிழித்தாள் பார்வைக்கு விண்வெளிக் கலத்தின் பொருள்போல இருக்கும். அது கதிர்வீச்சு வெப்பத்தைத் திருப்பியனுப்புவது. அதன் முன்னால் வெற்றிடைவெளி இருந்தால்தான் அவ்வேலையைச் செய்யும். இரு பொருள்களுக்கிடையே நெருக்கி அடித்தால் அது ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தாள் மட்டுமே. மூட்டுகள் ஒட்டப்படாமல் விரித்தால் நீராவியை உள்ளே விட்டு, வெளியே வரவிடாமல் மறிக்கும்.

பொலியைசோசயனுரேற்று என்னும் வன்பலகை ஒரே தடிப்பில் ஏனைய பல பலகைகளைவிடக் கூடுதலாக வெப்பத்தைத் தடுக்கும். அதில் 25 மில்லிமீற்றர் செய்யும் வேலையைக் கம்பளி செய்ய 40 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும். ஆனால் பலகை நேரானது. வானின் விலாவோ வளைந்தது. இரண்டுக்குமிடையே விடும் விரற்கடை இடைவெளியில் ஈரவளி சுற்றும். சமமான தரைக்கும் கதவின் தட்டையான பகுதிக்கும் அது பொருந்தும். வளைந்த சுவருக்குப் பொருந்தாது. தரைக்கு, மிதிபாரம் தாங்குவதும் நீரை உறிஞ்சாததுமான அழுத்திய பொலிஸ்டிரின் பலகையும் நல்லது.

விசிறி அடிக்கும் பொலியூரிதேன் நுரை தகட்டோடு ஒட்டி இடைவெளி விடாது நிரம்பும். ஈரத்தைத் தடுப்பதில் அது வலியது. ஆனால் கலவை பிழைத்தால் விரிந்து தகட்டை நெளிக்கும். அடிக்கும்போது எழும் ஐசோசயனேற்று ஆவி சுவாசத்துக்குப் பெருந்தீங்கு. தொய்வுக்காரர் அருகிலும் நிற்கக்கூடாது. வானின் கதவுகளுக்கும் அடிச்சட்டங்களுக்கும் கீழே தண்ணீர் வடிவதற்கென்று தொழிற்சாலையிலேயே விட்ட துளைகள் உண்டு. கவனமின்றி அடித்த நுரை அவற்றை அடைத்துவிடும். பிறகு பழுது பார்க்கவேண்டி வந்தால் அதைச் சுரண்டி எடுப்பது சுவரை இடிப்பது போன்றது.

செம்மறியாட்டுக் கம்பளியை விரும்புவோர் பலர். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. கம்பளி தன் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வளி உலர்ந்ததும் திருப்பிக் கொடுக்கும், இலகுவில் தீப்பற்றாது, தொட்டால் கை அரிக்காது. எனினும் உறிஞ்சி வைத்திருப்பது வேறு, வடித்துவிடுவது வேறு. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க அதற்கு உலர்ந்த பகல்கள் வேண்டும். சனி ஞாயிறு மட்டும் வானில் தங்கி, மற்ற நாள்களில் கதவைத் திறந்து காயவிடுபவருக்குக் கம்பளி போதும் என்பேன். குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் அதில் படுப்பவருக்குக் கடன் வட்டியோடு ஏறிக்கொண்டே போகும்.

கடைசியாக, மூடிய கண்ணறைகள் கொண்ட செயற்கை இறப்பர் நுரைத்தாள். குளிரூட்டல் குழாய்களைச் சுற்றி வியர்க்காமலிருக்கக் கறுப்பாக ஒன்றைச் சுற்றியிருப்பார்களே, அந்த இனம். வெப்பத்தைத் தடுப்பதில் அது நடுத்தரம். விலையோ கூட. ஆனால் நீராவியை அனேகமாக விடாது, வளைந்து கொடுக்கும், தகட்டோடு நேரே ஒட்டிக்கொள்ளும். தகட்டுக்கும் அதற்குமிடையே வளி இல்லையென்றால் அங்கே தண்ணீராக எதுவும் இல்லை. வானை வசிப்பிடமாகக் கொள்வோருக்கு, சுவரிலும் கூரையிலும் இதுவே எனது தெரிவு. குளிரில் வியர்க்கும் குழாய்க்காகவே செய்யப்பட்ட பொருள் குளிரில் வியர்க்கும் தகட்டுக்கும் உதவுவதில் வியப்பில்லை.

நீராவித் தடுப்பாகப் பொலித்தீன் தாள் ஒன்றை உட்புறம் முழுவதும் விரிக்கவேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. வீட்டில் அது நல்ல வழிதான்; கவனமாகச் செய்தால் பயன் தரும். வானில் ஒவ்வொரு அலுமாரிக்கும் திருகாணி, ஒவ்வொரு விளக்குக்கும் துளை, ஒவ்வொரு கம்பிக்கும் வழி. நூறு ஓட்டையுள்ள குடையை நம்பி மழைக்குள் இறங்கும் கதை அது. அரைகுறைத் தடுப்பு ஈரத்தை நுழையவிட்டு, உலரவிடாமல் பிடித்துவைக்கும். அதைவிடத் தடுப்பில்லாமலிருப்பது நன்று.

காவலி பற்றி இவ்வளவு எழுதினேன். ஆனால் அதற்கு முதலிடம் கொடுக்கமாட்டேன். முதலிடம் காற்றோட்டத்துக்கு. இரண்டாமிடம் உலர்ந்த வெப்பத்துக்கு. மூன்றாமிடமே காவலிக்கு. கூரையில் ஒரு விசிறியும் தரைமட்டத்தில் ஒரு துவாரமும் இல்லாத வானில் எந்தக் காவலியும் தோற்கும். கீழே குளிர்ந்த வளி நுழைய, மேலே ஈரவளி வெளியேற வேண்டும். குளிருக்குப் பயந்து துவாரத்தைத் துணியால் அடைப்பவர் பலர். வெளியே இருக்கும் குளிர்ந்த வளியில் நீராவி குறைவு; அதை உள்ளே எடுத்துச் சூடாக்கினால் அது வரண்ட வளியாகி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். சிறிது வெப்பத்தை இழப்பதே உலர்ந்த சுவருக்குக் கொடுக்கும் விலை. அத்துவாரம் உயிரையும் காக்கும். எரிவாயு வளியைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அடுப்பிலிருந்து காபனோரொட்சைட்டு வந்தால் வாசமே இராது. அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லாத வானில் ஓர் இரவும் படுக்கவேண்டாம்.

பெறாமகன் அந்த 2024 கோடையில் எல்லாவற்றையும் பிடுங்கி மீண்டும் தொடங்கினான். கறலைச் சுரண்டிக் கறல்தடுப்பு மை பூசினான். சட்டங்களின் உட்குழிகளுக்குள் மெழுகு அடித்தான். வடிகால் துளைகள் ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தித் திறந்து வைத்தான். உலர்ந்த வெயில் நாளில் இறப்பர் நுரைத்தாளைத் தகட்டில் நேரே ஒட்டினான். குளிர்ந்த ஈரத் தகட்டில் பசை பிடிக்காது. உருக்குச் சட்டங்களின் மேலும் மெல்லிய தாளை ஒட்டினான். இது முக்கியம். உருக்கு அந்த நுரையைவிட ஆயிரம் மடங்குக்கும் கூடுதலாக வெப்பத்தைக் கடத்தும். சட்டத்தை வெறுமையாக விட்டால் குளிர் அவ்வழியே உள்ளே நடந்துவரும். எரிப்பதற்கான வளியை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே தள்ளும் டீசல் சூடாக்கியைப் பொருத்தினான். கட்டிலில் முழுப்பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட சட்டங்களை அடித்தான். மெத்தையின் அடிப்புறமே பூஞ்சணம் முதலில் குடியேறும் இடம். கண்ணாடிகளை மூடும் திரையை வெளிப்புறமாகப் போட்டான். உட்புறம் போட்டால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து கூடுதலாக வியர்க்கும்.

உலகெங்கும் பரந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. நான் சொன்னது யோர்க்ஷயரின் ஈரக்குளிருக்குரிய கணக்கு. கனடாவின் கடுங்குளிரில் நீராவி தகட்டில் உறைந்து பனிக்கட்டியாகி மாதக்கணக்கில் சத்தமின்றி இருக்கும். இளவேனிலில் ஒரே நாளில் உருகி வடியும். “குளிர்காலம் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லை, வெயில் வந்ததும் எப்படி நனைந்தது?” என்று கேட்போருக்கு இதுவே பதில். கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெப்பமான ஈரநாடுகளில் கணக்குத் தலைகீழாகும். குளிரூட்டி போட்ட வானில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். குளிர்ந்த உட்பலகையின் பின்புறத்தில் தண்ணீராகும். ஆகவே ஒரு நாட்டில் ஒருவர் செய்ததை இன்னொரு நாட்டில் அப்படியே செய்வது அறிவுடைமையாகாது. சூடான ஈரம் எந்தப் பக்கம், குளிர்ந்த தகடு எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்கவேண்டும்.

இதையெல்லாம் ஒரு வானோடு நிறுத்திவிட என்னால் முடியவில்லை. ஈரம் என்பது மனிதர் மீது பழிபோட வசதியான பொருள். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்னும் குழந்தை 2020 டிசெம்பரில் இறந்தது. வயது இரண்டு. வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே சுவாச நோய்க்கும் மரணத்துக்கும் காரணமென 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தந்தை 2017 இலேயே முறையிட்டிருந்தார். பூஞ்சணத்தின் மேல் வர்ணம் பூசுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. குடும்பத்தின் வாழ்க்கை முறையே ஈரத்துக்குக் காரணமென்ற எண்ணம் வீட்டு நிர்வாகத்திடம் இருந்தது. அக்குடும்பம் சூடானிலிருந்து வந்தது. அந்த வீட்டின் குளியலறையிலும் சமையலறையிலும் போதிய காற்றோட்டம் இருக்கவில்லை.

அக்குழந்தையின் பெயரால் வழங்கும் விதிகளுக்கு 2023 ஆம் ஆண்டின் சமூக வீடமைப்புச் சட்டம் வழிசெய்தது. இங்கிலாந்தின் சமூக வீடுகளில் அவை 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தன. உடனடி ஆபத்தாயின் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கவேண்டும். பாரதூரமான ஈரமும் பூஞ்சணமும் பற்றிய முறைப்பாட்டை 10 வேலை நாள்களுக்குள் ஆராய்ந்து, ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாள்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்கவேண்டும். நல்ல விதிகள். ஒரு குழந்தை இறந்தபின் வந்தவை.

“கறி சமைக்கிறீர்கள், உடுப்பை உள்ளே காயவிடுகிறீர்கள், அதுதான் சுவர் நனைகிறது” என்று வாடகை வீட்டுக்காரர் சொல்லக் கேட்டு, தம்மீதே குற்றம் என்று தலைகுனிந்த எங்கள் குடும்பங்களை நான் அறிவேன். சமைப்பதும் குளிப்பதும் மூச்சு விடுவதும் குற்றமன்று. மனிதர் வாழுமிடத்தில் தண்ணீர் உண்டாகும். அத்தண்ணீர் வெளியேறும் வழியை அமைக்கவேண்டியவர் கட்டியவரே. வீட்டை அமைத்தவர் ஒருவர், அதற்குள் மூச்சுவிடுபவர் வேறொருவர் என்றிருக்கும்போது பழியைத் தள்ளிவிடுவது இலகு. வானில் அந்த வசதி இல்லை. அங்கே கட்டியவரும் குடியிருப்பவரும் ஒருவரே. தன் மூச்சு எங்கே போகும் என்று தானே யோசித்துத்தான் ஆகவேண்டும். வாடகைக்கு வீடு கட்டுபவர் ஒவ்வொருவரும் ஒரு குளிர்காலம் தாம் அடைத்த தகரப் பெட்டிக்குள் தாமே படுத்துப் பார்த்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 தை மாதத்தில் பெறாமகன் தொலைபேசியில் பேசினான். வெளியே உறைபனி என்றான். சுவரின் ஒரு பலகையை வேண்டுமென்றே திருகாணியால் கழற்றக்கூடியதாக வைத்திருக்கிறான். மாதம் ஒருமுறை கழற்றி உள்ளே கைவைத்துப் பார்க்கிறான். உலர்ந்திருந்ததாம். ஈரமானி 55 வீதம் காட்டியதாம். மூச்சுமருந்து இன்னமும் பைக்குள் இருக்கிறது. ஆனால் அந்த மாதம் எடுக்கத் தேவைப்படவில்லை.

“முன்கண்ணாடி மட்டும் விடிய நனைஞ்சிருக்கும், பெரியப்பா. ஒரு துணி வைச்சிருக்கிறன். எழும்பினவுடனை துடைச்சு வெளியிலை பிழிஞ்சு விடுறன்.”

எவ்வளவு தண்ணீர் வரும் என்று கேட்டேன். ஒரு தேநீர்க் கோப்பை அளவு என்றான்.

அந்தக் கோப்பைத் தண்ணீர் முதல் ஆண்டில் அவன் சுவருக்குள் போனது. இப்போது அவன் கையால் வெளியே போகிறது. வான் செய்ய எண்ணியிருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, உங்கள் தண்ணீர் எங்கே உண்டாகிறது, எவ்வழியே வெளியேறும் என்று எழுதிப் பாருங்கள். வழி எழுத முடியாத இடத்தில் எந்தப் பொருளையும் வைத்து அடைக்காதீர்கள்.